நியூயார்க் காலிமனைத் தோட்டங்கள்: உழைப்பும் உரிமையும்

நகர நெருக்கடிக்குள் கேட்பாரற்றுக் கிடக்கும் மனையொன்றை அக்கம்பக்கத்தார் கூடித் திருத்தி, கூலி எதிர்பாராமல் பயிரிட்டு, பொதுவில் பராமரித்துவரும் இடமே சமூகத் தோட்டம் எனப்படுகிறது. இத்தகைய தோட்டத்தில் உழைப்பு தெருவாசிகளுடையது. நிலமோ பெரும்பாலும் வேறொருவருடையது. அமெரிக்க நகரங்களில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஏற்பாடு, நெருக்கடி வரும்போது நிலத்தைக் கொடுப்பதும் அது தீர்ந்தபின் திரும்பப் பெறுவதுமாகவே நடந்துவந்தது. 1970களில் நியூயார்க்கின் ஏழை வட்டாரங்களில் தோன்றிய தோட்டங்கள்தாம் அந்த வழக்கத்தை முறித்தன. அங்கே தோட்டம் போட்டவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டபோது தர மறுத்தார்கள். தங்கள் உழைப்பு அந்த மண்ணின்மீது ஓர் உரிமையை உண்டாக்கியிருக்கிறது என்று வாதிட்டார்கள். சட்டத்தில் அப்படியோர் உரிமைக்குத் தெளிவான இடம் இல்லாதிருந்தும் அந்த வாதம் பெருமளவு வென்றது என்பதே இந்த வரலாற்றின் சிறப்பு.

பழைய வழக்கத்தின் தொடக்கம் டெட்ராய்ட் நகரில் காணக்கிடைக்கிறது. 1893ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து நின்றபோது, அந்நகரின் மேயர் ஹேசன் பிங்ரி, விலைபோகாமல் கிடந்த மனைகளை 1894இல் ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து உருளைக்கிழங்கு பயிரிடச் செய்தார். விதைக்கும் கருவிகளுக்கும் பணம் திரளாதபோது, அவர் தம் சொந்தக் குதிரையையே ஏலம் விட்டு அதைச் சேர்த்தார் என்பது அந்நகர வரலாற்றில் இன்றும் பேசப்படும் செய்தி. நியூயார்க்கில் ஃபேனி பார்சன்ஸ் என்னும் பெண்மணி, 1902இல் டிவிட் கிளின்டன் பூங்காவின் ஒரு பகுதியில் பள்ளிச் சிறுவர் சிறுமியருக்கென ஒரு பண்ணையை அமைத்தார். இரு உலகப் போர்களின்போதும் அரசே முன்நின்று வீட்டுக் கொல்லைகளிலும் பொது இடங்களிலும் காய்கறித் தோட்டம் போடச் சொன்னது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தோட்டங்கள் ‘வெற்றித் தோட்டங்கள்’ என்று பெயர் பெற்று, 1943இல் ஏறத்தாழ 2 கோடியை எட்டின. அந்நாட்டில் விளைந்த பசுங்காய்கறிகளில் 40 விழுக்காடு அவற்றிலிருந்தே கிடைத்ததாக மதிப்பிடப்பட்டது. போர் முடிந்ததும் மனைகள் உரிமையாளரிடம் திரும்பின. தோட்டக்காரர்கள் கடைக்காய்க்குத் திரும்பினார்கள். நிலத்தை விட்டு நகர்வது அநியாயம் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக எழவில்லை, ஏனெனில் தோட்டம் என்பது இடைக்கால நிவாரணம் என்றே தொடக்கம் முதல் இரு தரப்பாரும் ஏற்றிருந்தார்கள்.

1970களின் நியூயார்க் இதற்கு வேறான நிலையில் இருந்தது. ஆலைகளும் துறைமுக வேலைகளும் வெளியூர்களுக்கு நகர்ந்துவிட்டன. வசதி படைத்தோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். கறுப்பினத்தாரும் போர்ட்டோ ரிக்கோக்காரரும் வாழ்ந்த வட்டாரங்களுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. 1970இல் ஏறத்தாழ 79 லட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை 1980இல் 71 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. 1975இல் நகராட்சியே திவாலாகும் விளிம்புக்கு வந்து, தீயணைப்பு நிலையங்களை மூடியும் ஊழியரைக் குறைத்தும் செலவைச் சுருக்கிக்கொண்டது. வாடகையால் கட்டுப்படியாகாத வீட்டுச் சொந்தக்காரர்கள் பலர் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள், பிறகு வரி கட்டுவதை நிறுத்தினார்கள், இறுதியில் கட்டடத்தையே கைவிட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தீவைத்தவர்களும் உண்டு. தெற்கு பிராங்க்ஸ், புரூக்ளினின் பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட், மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைட் ஆகிய பகுதிகளில் வரிசை வரிசையாகக் கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் போயின. வரி பாக்கிக்காக நகராட்சியின் கைக்கு வந்துசேர்ந்த அந்த மனைகளை வாங்க ஆள் இல்லை.

அத்தகைய மனையொன்றின் தன்மையை விளங்கிக்கொண்டால்தான் அங்கே நடந்த தொண்டின் அளவு புலப்படும். லோயர் ஈஸ்ட் சைடில் ஒரு மனை பெரும்பாலும் 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்டது; சென்னைக் கணக்கில் ஏறத்தாழ ஒரு கிரவுண்டு. கட்டடத்தை இடித்தபோது செங்கலும் காரையும் உடைந்த மரச்சட்டமும் அப்படியே நிலவறைக்குள் தள்ளப்பட்டு நிரவப்பட்டன. ஆகவே மண்வெட்டி போட்டால் மண் வராது. செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் ஆணியுமே வரும். மேலே பழைய மெத்தைகள், சக்கரமில்லாத கார்கள், போதை ஊசிகள். இவற்றைக் கையால் பொறுக்கி, இடிபாட்டைச் சல்லடையில் சலித்து, முழுச் செங்கல்களைத் தனியே அடுக்கி நடைபாதைக்கு வைத்துக்கொள்வதிலேயே முதல் பருவம் கழிந்துவிடும். பழைய வண்ணப்பூச்சிலும் பெட்ரோல் புகையிலும் இருந்த ஈயம் அந்த மண்ணில் படிந்திருந்ததால், அதில் நேரடியாகக் கீரை விதைப்பது ஆபத்து என்பதும் விரைவில் தெரியவந்தது. எனவே மரச்சட்டங்களால் தொட்டிபோல் அடைத்து, வெளியிலிருந்து கொணர்ந்த மண்ணையும் மட்கு உரத்தையும் நிரப்பும் மேட்டுப்பாத்தி முறை பரவியது. தண்ணீருக்குத் தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் திறந்துகொள்ள நகராட்சியின் அனுமதியும் அதற்குரிய திருகுச் சாவியும் பெற வேண்டியிருந்தது. இவ்வளவு வேலைக்குப் பிறகு அங்கே விளைந்த தக்காளியைவிட, அந்தத் தக்காளிக்கு அடியில் கிடந்த மண்ணே பெரிய விளைச்சல் என்று கூறுவது மிகையாகாது. அந்த மண் முன்பு அங்கே இருக்கவில்லை. அதை அந்தத் தெருவார் உண்டாக்கினார்கள்.

இத்தோட்டங்களுக்கு முன்னோடியாக ஒரு மரத்தைக் காக்கும் போராட்டம் நடந்தது. பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட்டில் வாழ்ந்த ஹாட்டி கார்தன் என்னும் கறுப்பின மூதாட்டி, தம் தெருவின் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போவதைக் கண்டு, அறுபது வயதைத் தாண்டிய நிலையில் அண்டை வீட்டாரைத் திரட்டி மரம் நடும் பணியைத் தொடங்கினார். 1885 வாக்கில் வடக்கு கரோலினாவிலிருந்து கன்றாகக் கொணரப்பட்டு, தென்பகுதித் தட்பவெப்பத்துக்குரிய மரமாயிருந்தும் புரூக்ளின் குளிரில் பிழைத்து ஓங்கிய மக்னோலியா மரமொன்றை வெட்டுவதற்கு ஏற்பாடு நடந்தபோது, அவர் அதை எதிர்த்து நின்று, 1970இல் அம்மரத்துக்கு நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதியைப் பெற்றுத் தந்தார். அவரது முயற்சியால் அந்த வட்டாரத்தில் நடப்பட்ட மரங்கள் 1500க்கும் மேல் என்பர். தோட்ட இயக்கத்தின் வரலாற்றை மன்ஹாட்டனிலிருந்தே தொடங்கிச் சொல்லும் பழக்கம் பரவலாக உள்ளது. கார்தனை முதலில் வைக்காத எந்த வரலாறும் குறையுடையதாகும்.

மன்ஹாட்டன் கதை லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியரிடம் தொடங்குகிறது. அவரும் நண்பர்களும் 1973இல் ‘கிரீன் கெரில்லாஸ்’ என்ற பெயரில் கூடி, வேலியிட்ட காலிமனைகளுக்குள் விதைக் குண்டுகளை எறிந்தார்கள். விதையும் உரமும் ஈரமும் கலந்து பலூன் போன்ற உறைகளில் அடைத்த சிறு பொட்டலங்களே இக்குண்டுகள். வேலி தாண்டி விழுந்து உடைந்ததும் அவை மழைக்கு முளைத்தன. அதே ஆண்டில் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் குப்பை மண்டிய மனையொன்றைத் துப்புரவு செய்து தோட்டம் போடத் தொடங்கினார்கள். 1974 ஏப்ரலில் நகராட்சியின் வீட்டுவசதித் துறை, மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அந்த இடத்தை அவர்களுக்கு விட்டது. 60 மேட்டுப்பாத்திகளில் காய்கறி நட்ட அக்குழுவினர், பிறகு மரங்களும் மூலிகைகளும் வளர்த்து, பிற தெருக்களிலிருந்து வந்து கேட்டோருக்குக் கன்றுகளும் பயிற்சியும் வழங்கினார்கள். கிறிஸ்டி 1985இல் இளவயதிலேயே காலமானார். மறு ஆண்டு அத்தோட்டத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

ஆயினும் இயக்கத்தின் பெரும்பகுதியை நடத்தியவர்கள் ஓவியர்களல்லர். 1940களிலும் 50களிலும் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்தும், அதற்கு முன்னும் பின்னுமாக அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்துசேர்ந்த உழவர் குடும்பங்கள் அந்த வட்டாரங்களில் நிறைந்திருந்தன. மண்ணில் வளர்ந்து ஆலைகளில் முதுமையடைந்த அவர்களுக்குத் தோட்டவேலையைக் கற்பிக்க யாரும் தேவைப்படவில்லை. தென் மாநிலத்தார் கொல்லார்டு கீரையும் வெண்டையும் விதைத்தார்கள். தீவிலிருந்து வந்தவர்கள் மிளகாயும் சோளமும் அவரையும் நட்டதோடு, மனையின் ஓரத்தில் ‘காசீத்தா’ எனப்படும் சிறிய மரவீட்டையும் கட்டினார்கள். தீவின் கிராம வீடுகளைப் போலவே திண்ணையும் பளிச்சென்ற வண்ணமும் கொண்ட இந்த வீட்டில் யாரும் குடியிருப்பதில்லை. முதியோர் டாமினோ ஆடவும், ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ப்ளேனா’ என்னும் தீவின் மேளப்பாட்டு முழங்கவும், குழந்தைகள் கண்பார்வையில் விளையாடவும் அது பொதுவிடமாக இருந்தது. தெற்கு பிராங்க்ஸில் இருந்த ‘ரின்கோன் கிரியோயோ’ என்னும் காசீத்தா இவ்வகையில் புகழ்பெற்று, ப்ளேனா இசைக் கலைஞர்களின் நாற்றங்காலாகவே விளங்கியது.

நகராட்சி இவற்றை எதிர்க்கவில்லை. குப்பை அள்ளும் செலவு மிச்சமாகி, போதைப் பொருள் விற்பனையும் அந்த மூலையிலிருந்து அகன்றதால் வரவேற்கவும் செய்தது. 1978இல் மத்திய அரசின் நிதியுதவியோடு ‘கிரீன் தம்ப்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டு, தோட்டக் குழுக்களுக்குப் பலகையும் மண்ணும் கருவிகளும் வழங்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவுக் குத்தகையும் எழுதித் தரப்பட்டது. அந்தக் குத்தகையிலேயே பிற்காலச் சண்டையின் விதை இருந்தது. நகராட்சிக்கு எப்போது தேவைப்பட்டாலும், குறுகிய அவகாசத்தில் அறிவிப்புக் கொடுத்து மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் நிபந்தனை. ஒரு டாலருக்கு நிலம் கிடைத்தபோது அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகராட்சியின் பதிவேடுகளில், பத்தாண்டு வளர்ந்த மரங்கள் நின்ற மனைகளும் காலிமனை என்றே தொடர்ந்தன.

முதல் பெரிய இழப்பு 1986இல் நேர்ந்தது. எல்ட்ரிட்ஜ் தெருவில் ஆடம் பர்ப்பிள் என்ற பெயரால் அறியப்பட்ட ஒருவர், 1975 முதல் தனியொருவராகவே பெரும்பாலும் உழைத்து ‘ஏதேன் தோட்டம்’ ஒன்றை உருவாக்கியிருந்தார். சென்ட்ரல் பார்க் பகுதியில் ஓடும் குதிரைவண்டிகளின் சாணத்தைச் சேகரித்து மிதிவண்டியில் கொணர்ந்து, இடிபாட்டோடு கலந்து மண்ணாக்கி, நடுவில் ஒரு வட்டமும் அதைச் சுற்றிச் சுற்றி மேலும் வட்டங்களுமாகப் பாத்திகளை அமைத்தார். அண்டைக் கட்டடம் ஒன்று இடியும்போதெல்லாம் வெளிவட்டம் ஒன்று கூடியது. இறுதியில் அது 15,000 சதுர அடி, அதாவது ஆறு கிரவுண்டுக்கும் அதிகமான பரப்பை எட்டியது. சோளமும் வெள்ளரியும் ராஸ்ப்பெரியும் அதில் விளைந்தன. குறைந்த வருவாயுள்ளோருக்குக் குடியிருப்புக் கட்டுவதற்காக 1986 ஜனவரி 8 அன்று நகராட்சி அதைப் புல்டோசர் கொண்டு அழித்தது.

இங்கே நகராட்சியின் பக்கத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் வீடற்றோர் இருந்தார்கள். தோட்டம் போட்டவர்களின் பிள்ளைகளே வாடகை கட்ட முடியாமல் இடம்பெயர்ந்தார்கள். எல்ட்ரிட்ஜ் தெருவில் எழுந்த குடியிருப்பு அதன் குடிகளுக்கு உண்மையான நன்மை செய்தது. ஆனால் அதே காலத்தில் நகராட்சியின் வசம் தோட்டமில்லாத வெற்று மனைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன என்பதையும், 1990களில் விற்பனைக்கு வந்த மனைகளில் ஏழைகளுக்குத்தான் வீடு கட்ட வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் விதிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வீடா தோட்டமா என்ற கேள்வி பல இடங்களில் உண்மையான கேள்வியாக இருக்கவில்லை என்பது விளங்கும். ஏழைகளை ஏழைகளுக்கு எதிராக நிறுத்திய கேள்வி அது. அதை அப்படி நிறுத்தியதே பெருங்குற்றம் எனலாம்.

1990களில் நகரம் மீண்டு நிலவிலை ஏறியதும், மேயர் ரூடால்ஃப் ஜூலியானியின் நிர்வாகம் 1998இல் நூற்றுக்கணக்கான தோட்ட மனைகளை வீட்டுவசதித் துறையின் பொறுப்புக்கு மாற்றியது. அடுத்த ஆண்டு மே மாதம் 114 தோட்டங்கள் பொது ஏலத்துக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. அதுவரை அவரவர் வேலிக்குள் இருந்த குழுக்கள் அப்போதுதான் ஒரே இயக்கமாகத் திரண்டன. காய்கறி வேடமணிந்து ஊர்வலம் போனார்கள்; சூரியகாந்திப் பூ வேடத்தில் ஒருவர் நகரமன்றத்தை ஒட்டிய பூங்காவில் மரமேறி இறங்க மறுத்தார்; வழக்குகள் தொடுக்கப்பட்டன. தடையற்ற சந்தையே நாட்டின் வழி என்றும் பொதுவுடைமைக் காலம் முடிந்துவிட்டது என்றும் மேயர் பதிலளித்தார். நாட்டிலேயே நிலவிலை மிக உயர்ந்த நகரமொன்றில், கைம்பெண்களும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளரும் கீரை வளர்த்ததற்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது, அந்த மேயருக்குத் தோட்டங்களைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

ஏலத்துக்கு முந்தைய நாள் உடன்பாடு ஏற்பட்டது. பொது நிலங்களைப் பாதுகாக்கும் ‘டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்’ என்ற அமைப்பு அறுபதுக்கும் மேற்பட்ட தோட்டங்களையும், நடிகையும் பாடகியுமான பெட் மிட்லர் 1995இல் நிறுவிய ‘நியூயார்க் ரெஸ்டொரேஷன் பிராஜெக்ட்’ எஞ்சியவற்றையும், மொத்தம் ஏறத்தாழ 42 லட்சம் டாலர் விலையில் வாங்கிக்கொண்டன. 114 தோட்டங்களும் தப்பின. அவை தப்பியது உழைத்தவர்களின் உரிமை ஏற்கப்பட்டதால் அன்று. வாங்குவதற்கு யாரோ பணம் வைத்திருந்ததால் மட்டுமே. ஏலப் பட்டியலில் இடம்பெறாமல் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த பிற தோட்டங்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

அவற்றுள் ஒன்று கிழக்கு ஏழாம் தெருவில் இருந்த ‘எஸ்பெரான்சா தோட்டம்’. 1970களின் இறுதியில் ஒரு போர்ட்டோ ரிக்கோக் குடும்பம் குப்பைமேட்டைத் திருத்தி உருவாக்கிய இந்த இடத்தைக் காக்க, 1999-2000 குளிர்காலத்தில் தொண்டர்கள் இரவும் பகலும் அங்கேயே தங்கினார்கள். ‘கோகீ’ எனப்படும் போர்ட்டோ ரிக்கோவின் சிறிய மரத்தவளையின் வடிவில், ஆட்கள் உள்ளே படுத்துறங்கும் அளவுக்குப் பெரிய காவற்கூண்டு ஒன்றை வாயிலருகே அமைத்தார்கள். எந்தப் பகைவன் வந்தாலும் தன் ஓசையால் அந்தத் தவளை விரட்டிவிடும் என்ற தீவின் கதை அதற்குத் துணை. 2000 பிப்ரவரி 15 காலையில் காவல்துறையினர் வந்து, சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்தவர்களை அறுத்தெடுத்துக் கைது செய்தார்கள்; புல்டோசர் உள்ளே நுழைந்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் கேட்டிருந்த இடைக்காலத் தடை உத்தரவை நீதிமன்றம் அதே நாளில் பிறப்பித்தபோது, எஸ்பெரான்சாவில் காப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் மற்றத் தோட்டங்களை அந்த உத்தரவு காத்தது.

ஸ்பிட்சர் தரப்பின் வாதம் சட்ட நோக்கில் கருதத்தக்கது. நியூயார்க் மாநிலத்தில், பூங்காவாக ஒதுக்கப்பட்ட பொது நிலத்தை மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பது நெடுநாளைய நெறி. காகிதத்தில் பூங்கா என்று அறிவிக்கப்படாவிட்டாலும், ஆண்டுக்கணக்கில் நகராட்சியின் உதவியோடும் ஒப்புதலோடும் மக்கள் பூங்காவாகவே பயன்படுத்திவந்த இடமும் அந்நெறிக்குள் அடங்கும் என்று அத்தரப்பு வாதிட்டது. உழைப்பும் பயன்பாடும் நிலத்தின் தன்மையை மாற்றிவிடும் என்ற தெருவாரின் எளிய நியாயம் இவ்வாறு சட்டத்தின் மொழியைப் பெற்றது. வழக்கு இறுதித் தீர்ப்பை எட்டவில்லை. மேயராக மைக்கேல் புளூம்பெர்க் பொறுப்பேற்றபின், 2002 செப்டம்பரில் மாநிலத்துக்கும் நகராட்சிக்கும் இடையே சமரசம் எழுதப்பட்டு, ஏறத்தாழ 400 தோட்டங்கள் பாதுகாக்கப்பட்டன. 38 தோட்டங்கள் உடனடியாகக் கட்டுமானத்துக்கு விடப்பட்டன. எஞ்சியவற்றை எடுக்கும்போது தோட்டக்காரர்களுக்கு முன்கூட்டித் தெரிவித்து மாற்றிடம் காட்ட வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. பெயரளவுக்குக் கூட உரிமை இல்லாதிருந்தவர்களுக்கு, தங்களைக் கேட்காமல் எடுக்க முடியாது என்ற நிலை கிடைத்தது சிறிய வெற்றியன்று.

தோட்டங்கள் தப்பிய பிறகு தோட்டக்காரர்கள் தப்பினார்களா என்பது வேறு கேள்வி. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயோன் வொய்க்கு, விக்கி பீன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, சமூகத் தோட்டத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் இருக்கும் மனைகளின் விலை தோட்டம் திறந்தபின் உயர்கிறது என்றும், மிக ஏழை வட்டாரங்களில் அந்த உயர்வு மிக அதிகம் என்றும் காட்டியது. தோட்டங்களைக் காப்பதற்கான வாதமாக அந்த முடிவு பலமுறை எடுத்தாளப்பட்டது. நகராட்சிக்கு வரி வருவாய் கூடும் என்பது அதன் பொருள். ஆனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு அந்த மண்ணை உண்டாக்கிய குடும்பத்துக்கு அதே உயர்வு வாடகை உயர்வாகவே வந்து சேர்ந்தது. லோயர் ஈஸ்ட் சைடின் பல தோட்டங்களில் இன்று சாவி வைத்திருப்போர், முதலில் செங்கல் பொறுக்கியவர்களின் வழியினர் அல்லர்.

இன்று ‘கிரீன் தம்ப்’ திட்டத்தின்கீழ் 550க்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. இவற்றுள் நகராட்சி நிலத்தில் அமைந்தவை இன்னும் காலவரையறை கொண்ட உரிமத்தின் பேரிலேயே நடக்கின்றன. வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைப்பதும், உறுப்பினர் சேர்க்கையை மறுக்காதிருப்பதும், நடைபாதையில் பனி அகற்றுவதும் தொண்டர்களின் கடமைகளாக அதில் எழுதப்பட்டுள்ளன. 1999இல் விலைக்கு வாங்கப்பட்டவற்றுள் மிட்லரின் அமைப்பு தன் பங்கைத் தானே வைத்துப் பராமரிக்கிறது. டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் வேறு வழியைத் தேர்ந்தது. மன்ஹாட்டன், பிராங்க்ஸ், புரூக்ளின்-குவீன்ஸ் ஆகிய மூன்று வட்டாரங்களுக்கும் தனித்தனி நில அறக்கட்டளைகளை அமைத்து, தோட்டக்காரர்களையே அவற்றின் நிர்வாகத்தில் அமர்த்தி, பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் நிலப் பத்திரங்களை அந்த அறக்கட்டளைகளின் பெயருக்கே மாற்றிக் கொடுத்தது. காப்பீடு எடுப்பது, வேலி பழுதுபார்க்க நிதி திரட்டுவது, உறுப்பினர்களுக்குள் எழும் பாத்தித் தகராறுகளைத் தீர்ப்பது ஆகிய எல்லாப் பொறுப்பும் இப்போது அந்தத் தெருக்காரர்களுடையது. அந்த மனைகளைப் பொறுத்தவரை, திரும்பக் கேட்பதற்கு வெளியே ஓர் உரிமையாளர் இல்லை.